ஐ.நா. ஒப்பந்தத்தை வச்சு நம்ம கோர்ட்டுல கேஸ் போட முடியுமா?

(தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிப் பயிலரங்கில் பேசியது. நேரலையில் கேட்க முடியாத தோழர்களுக்காக எழுத்து வடிவில்.)



தலைப்பைப் பார்த்துட்டு "இது வக்கீல் பேச வேண்டிய விஷயமாச்சே" என்று சிலர் நினைப்பீங்க. நியாயம்தான். நான் வக்கீல் இல்லை, இன்ஜினியரிங் படிச்சவன். ஆனா இந்தக் கேள்வி முதல்ல நம்மகிட்டதான் வருது. லாக்கப் மரணம் நடந்தா, ஆத்துல கழிவு கலந்தா, அகதிகளை நாடு கடத்தப் போறாங்கன்னு செய்தி வந்தா, நாம உடனே எழுதுற வரி என்ன? "இது சர்வதேச சட்டத்துக்கு எதிரானது." ஒரு போஸ்டர் டிசைன் பண்ணி அந்த வரியைப் பெருசா போட்டுடறோம். அதைப் படிக்கிற பாதிக்கப்பட்ட குடும்பம் அடுத்து என்ன கேட்கும்? "சரி தம்பி, அதை வச்சு கேஸ் போட்டா நிக்குமா?"

அதுக்கு நம்மகிட்ட நேர்மையான பதில் இருக்கணும். "கண்டிப்பா நிக்கும்" என்று சும்மா நம்பிக்கை கொடுத்து ஒரு குடும்பத்தை ஏமாத்தக்கூடாது. "அதெல்லாம் வெறும் காகிதம்" என்று சொல்லி அவங்களை வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. ரெண்டுமே தப்பு.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். இந்தியாவில், ஒரு சர்வதேச ஒப்பந்தத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு தனிமனிதர் நீதிமன்றத்தில் உரிமை கேட்க முடியாது. ஆனால் நம்ம அரசியல் சட்டத்தின் அடிப்படை உரிமையோடு அதைச் சேர்த்துப் பிடித்தால், பல நேரம் அது வேலை செய்திருக்கிறது. சில நேரம் செய்யலை. எப்போ செய்யுது, எப்போ செய்யலை, அதுக்கு நாம என்ன பண்ணணும் என்பதுதான் இந்தப் பேச்சு.

முதல்ல, "சர்வதேச நீதிமன்றத்துக்குப் போவோம்" என்கிற வசனம்

நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் இருக்கிற சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள் மட்டும்தான் வழக்குப் போட முடியும். நீங்களோ நானோ போக முடியாது. ஒரு கட்சி கூட போக முடியாது.

குல்பூஷண் ஜாதவ் வழக்கு எல்லாருக்கும் தெரியும். 2017-இல் பாகிஸ்தான் ராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை கொடுத்தது. இந்தியத் தூதரக அதிகாரிகளை அவர் பார்க்கவே அனுமதிக்கலை. தூதரக உறவுகள் பற்றிய 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-வது பிரிவுப்படி அது அவருடைய உரிமை. ஆனா ஹேக் போனது யார்? அவரும் இல்லை, அவர் குடும்பமும் இல்லை. இந்திய அரசு. 2019 ஜூலையில் பாகிஸ்தான் உடன்படிக்கையை மீறியது என்று தீர்ப்பு வந்தது. மரண தண்டனையை மறுஆய்வு செய்யணும்னும் நீதிமன்றம் சொன்னது. அதுக்கு அப்புறமும், பாகிஸ்தான் உள்ளே அதுக்குன்னு தனியா ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது.

இதுலேயே ரெண்டு பாடம் இருக்கு. ஒண்ணு, வெளியே உங்களுக்காக வழக்குப் போட உங்க நாடு வேணும். உங்களைத் துன்புறுத்துறதே உங்க நாடா இருந்தா அந்தக் கதவு மூடியிருக்கும். ரெண்டாவது, வெளியே ஜெயிச்சாலும் உள்ளே ஒரு சட்டம் வேணும்.

கையெழுத்து வேற, சட்டம் வேற

வெளிநாட்டில் இருந்து ஒரு மெஷின் வருதுன்னு வச்சுக்கோங்க. நல்ல மெஷின். ஆனா அதோட பின் நம்ம வீட்டுப் பிளக் பாயின்ட்டில் சேராது. அடாப்டர் வேணும். சர்வதேச ஒப்பந்தம் அந்த மெஷின். நாடாளுமன்றம் போடுற சட்டம்தான் அடாப்டர்.

நம்ம அரசியல் சட்டம் இதைத் தெளிவா பிரிச்சு வச்சிருக்கு. ஒப்பந்தம் போடுறது ஒன்றிய அரசின் வேலை. அதைச் சட்டமாக்குற அதிகாரம் 253-வது பிரிவுப்படி நாடாளுமன்றத்துக்கு. மாநிலப் பட்டியலில் இருக்கிற விஷயத்துக்கும் அந்தப் பிரிவைப் பயன்படுத்தி நாடாளுமன்றம் சட்டம் போடலாம்.

51-வது பிரிவு "சர்வதேச சட்டத்துக்கும் ஒப்பந்தக் கடமைகளுக்கும் மரியாதை வளர்க்க அரசு முயலணும்" என்று சொல்லுது. இதை நிறைய பேர் மேற்கோள் காட்டுறாங்க. ஆனா அது இருக்கிற இடம் அரசுக்கான வழிகாட்டு நெறிகள். அந்த நெறிகளை எந்த நீதிமன்றத்தின் மூலமும் அமல்படுத்த முடியாது என்று 37-வது பிரிவு சொல்லுது. ஆக, 51-ஐ மட்டும் வச்சு வழக்கு நிக்காது.

1993-இல் வந்த மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தையும் பாருங்க. மனித உரிமை என்றால் என்னன்னு அதில் விளக்கம் இருக்கு. அரசியல் சட்டம் தந்த உரிமைகள், அல்லது சர்வதேச உடன்படிக்கைகளில் உள்ள உரிமைகள் என்று ஆரம்பிச்சு, கடைசியில் "இந்திய நீதிமன்றங்களால் அமல்படுத்தக்கூடியவை" என்று ஒரு வால் ஒட்டியிருக்கும். அந்த வாலில்தான் மொத்தச் சிக்கலும் இருக்கு.

கடன் கட்ட முடியாதவரைச் சிறையில் போடலாமா?

1980-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் கொச்சி வங்கி. வங்கிக்குத் தர வேண்டிய கடனைக் கட்டலை, அதனால கடனாளிகளைப் பிடித்து சிவில் சிறையில் வைக்க வாரண்ட் போட்டாச்சு.

அதுக்கு முந்தின வருஷம்தான், 1979-இல், குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்திருந்தது. அதன் 11-வது பிரிவு, ஒப்பந்தக் கடனைத் தீர்க்க முடியாத காரணத்துக்காக மட்டும் யாரையும் சிறையில் அடைக்கக்கூடாதுன்னு சொல்லுது. அப்போ வாரண்ட் செல்லாதுதானே?

தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். 1957-இல் கேரளத்தில் அமைந்த முதல் அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர், ஏழைகள் பக்கம் நின்ற நீதிபதி என்று பேர் வாங்கியவர். அவரே என்ன சொன்னார்? உள்நாட்டுச் சட்டம் மாறாத வரை அந்த உடன்படிக்கை நேரடியாக நம்ம நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றார்.

ஆனா அதோட அவர் நிறுத்தலை. சிவில் நடைமுறைச் சட்டத்தை எடுத்து, 21-வது பிரிவு, அதாவது உயிர் வாழும் உரிமையோட வெளிச்சத்தில் படித்தார். பணம் இருந்தும் ஏமாத்துறவரைச் சிறையில் போடலாம், கையில் இல்லாதவரை வறுமைக்காகச் சிறையில் போட முடியாதுன்னு பொருள் சொன்னார். வழக்கை அந்தக் கோணத்தில் மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பினார்.

கவனிச்சீங்களா? உடன்படிக்கை முன்வாசல் வழியா வரலை. ஆனா அது சொன்ன விஷயம் பக்கவாசல் வழியா உள்ளே வந்து உட்கார்ந்துடுச்சு. அடுத்த 40 வருஷ இந்தியச் சட்ட வரலாறு பெரும்பாலும் இந்தப் பக்கவாசல் கதைதான்.

ஒரு தாய் எழுதிய கடிதம்

1987 டிசம்பர். ஒடிசாவில் 22 வயசுப் பையனை போலீஸ் பிடிச்சுட்டுப் போனது. மறுநாள் ரயில் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. தப்பி ஓடும்போது ரயிலில் அடிபட்டுச் செத்தான் என்றது போலீஸ். அந்தத் தாய் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் ரிட் மனுவாக எடுத்துக்கொண்டது. அதுதான் நீலாபதி பெஹரா வழக்கு.

இதில் ஒரு முக்கியமான விஷயம். சட்டவிரோதமாகக் கைது செய்யப்பட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு என்று அந்த உடன்படிக்கையின் 9-வது பிரிவு சொல்லுது. ஆனா 1979-இல் சேரும்போதே இந்தியா, "எங்கள் சட்ட அமைப்பில் அப்படி ஒரு உரிமை கிடையாது" என்று எழுதிக் கொடுத்துட்டுத்தான் சேர்ந்தது. அதாவது அந்தப் பிரிவுக்கு விலக்கு.

1993-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தாய்க்கு 1,50,000 ரூபாய் இழப்பீடு கொடுத்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் இழப்பீடு கொடுக்கும் அதிகாரம் இந்த நீதிமன்றத்துக்கு உண்டு என்றது. துணைக்கு, இந்தியா விலக்கு வாங்கிய அதே 9-வது பிரிவைக் காட்டியது. அப்புறம் 1996-இல், கைது செய்யும்போது போலீஸ் என்னென்ன நடைமுறை பின்பற்றணும்னு சொன்ன டி.கே.பாசு தீர்ப்பில், அந்த விலக்கு இனி அர்த்தம் இழந்துவிட்டது என்றே நீதிமன்றம் எழுதியது.

அரசு "இந்த உரிமை எங்க நாட்டில் இல்லை" என்று உலகத்துக்குச் சொன்னதை, எழுதப் படிக்க வக்கீல் பட்டாளம் எதுவும் இல்லாமல் ஒரு தாய் அனுப்பிய கடிதம் செல்லாததாக்கிடுச்சு. "அதெல்லாம் வெறும் காகிதம்" என்று சொல்றவங்களுக்கு என் பதில் இந்த வழக்குதான்.

பாலாறு

அடுத்தது நம்ம ஊர். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் போனவங்களுக்குப் பாலாறு பற்றித் தனியா சொல்ல வேண்டாம். டேனரிக் கழிவு ஆத்துல கலந்து, கிணத்துத் தண்ணி கெட்டு, சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனதாக ஒரு ஆய்வு சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது.

1996 ஆகஸ்டில் தீர்ப்பு. அதில் ரெண்டு கொள்கைகளை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் அறிவித்தது. ஒன்று, ஆபத்து இருக்கும்போது விஞ்ஞான ரீதியாக முழுசா நிரூபணம் ஆகட்டும்னு காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்கணும். இரண்டு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்கணும். இது ரெண்டும் எங்கிருந்து வந்தது? 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் உலக நாடுகள் கூடி வெளியிட்ட பிரகடனத்திலேயே இருக்கு. அது ஒப்பந்தம் கூட இல்லை, வெறும் பிரகடனம். நாடுகள் பொதுவா ஏத்துக்கிட்டு நடைமுறையில் வச்சிருக்கிற சர்வதேச வழக்காறு, உள்நாட்டுச் சட்டத்துக்கு முரணாக இல்லாவிட்டால், உள்நாட்டுச் சட்டத்தில் சேர்ந்ததாகவே கருதப்படும் என்றது தீர்ப்பு. கூடவே 21-வது பிரிவையும் சுற்றுச்சூழல் பற்றிய மற்ற பிரிவுகளையும் காட்டியது.

இன்னைக்கு இந்தியாவில் எந்த மூலையில் சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் பாலாற்றங்கரைக்காரர்கள் போட்ட இந்த வழக்கைப் படிக்காமல் யாரும் வாதாட முடியாது. 2010-இல் வந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் இந்தக் கொள்கைகளை எழுதியே வச்சுட்டாங்க.

ஆனா பாலாறு சரியாயிடுச்சா? 2025 ஜனவரியில் அதே பாலாறு, அதே டேனரி மாசுக்காக உச்ச நீதிமன்றம் திரும்பவும் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு, ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையில் குழு என்று மறுபடியும் உத்தரவுகள். தீர்ப்பு கிடைக்கிறது ஒரு வேலை. அது தரையில் நடக்க வைக்கிறது இன்னொரு வேலை. இதை மறக்காதீங்க.

16 வருஷம் எடுத்த சட்டம்

1992-இல் ராஜஸ்தானில், அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராமப் பணியாளராக இருந்த ஒரு பெண், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகக் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். பணியிடத்தில் பெண்களுக்குப் பாதுகாப்பு கொடுக்க அப்போ நம்ம நாட்டில் தனிச் சட்டமே இல்லை. பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனாங்க. விசாகா வழக்கு.

பெண்களுக்கு எதிரான எல்லா வகைப் பாகுபாட்டையும் ஒழிக்கும் உடன்படிக்கையை இந்தியா 1993-இல் ஏற்றிருந்தது. 1997 ஆகஸ்டில் நீதிமன்றம் சொன்னது: உள்நாட்டுச் சட்டத்தில் வெற்றிடம் இருக்கும்போது, அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இல்லாத சர்வதேச உடன்படிக்கையை அந்த உரிமைகளுக்குள் வைத்துப் படிக்கலாம். அதை வைத்து நீதிமன்றமே வழிகாட்டு நெறிகளை எழுதி, நாடாளுமன்றம் சட்டம் போடும் வரை இதுதான் சட்டம் என்றது. சட்டம் எப்போ வந்தது? 2013-இல். 16 வருஷம். இன்னைக்கு உங்க ஐ.டி. கம்பெனியில் இருக்கிற உள் புகார்க் குழு அந்தச் சட்டத்தால வந்தது.

பக்கவாசல் மூடும் போது

இதுவரை நல்ல கதைகள். இனி கசப்பான பகுதி.

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரலை. அகதிகளுக்குன்னு தனிச் சட்டமும் கிடையாது. உயிருக்கு ஆபத்து இருக்கிற நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிற சர்வதேசக் கொள்கை 21-வது பிரிவுக்குள் அடங்கும்னு 1998-இல் குஜராத் உயர் நீதிமன்றம் சொன்னது. நாட்டின் பாதுகாப்புக்குக் குந்தகம் இல்லாத வரை என்கிற நிபந்தனையோடு. அந்த வழக்கு ரெண்டு ஈராக்கிய அகதிகள் பற்றியது.

2021 ஏப்ரலில் ஜம்முவில் பிடித்து வைக்கப்பட்ட ரோகிங்கியா மக்களுக்காக அதே வாதம் உச்ச நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. 14, 21 பிரிவுகள் எல்லா மனிதர்களுக்கும் உண்டு என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. சர்வதேச உடன்படிக்கைகளில் இருந்து நீதிமன்றம் உத்வேகம் பெறலாம், ஆனால் அது உள்நாட்டுச் சட்டத்தோடு மோதக்கூடாது என்றது. நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை இந்தியாவில் வசிக்கும் உரிமையோடு சேர்ந்தது, அது குடிமக்களுக்கு மட்டும்தான் என்று சொல்லி இடைக்கால நிவாரணம் மறுத்தது. சட்ட நடைமுறையைப் பின்பற்றாமல் நாடு கடத்தக்கூடாது என்று மட்டும் சொன்னது.

ஒரே கொள்கை, ஒரே 21-வது பிரிவு. ஒரு நீதிமன்றம் கொடுத்தது, இன்னொன்று கொடுக்கலை. 1983-க்கு அப்புறம் வந்து முகாம்களில் வாழ்ற ஈழத்தமிழர்களும் இதே சட்டம் இல்லாத வெளியில்தான் நிக்கிறாங்க. அவங்களுக்குக் கிடைக்கிறது அரசாணையும் கருணையும். அரசாணை மாறலாம். கருணை ஆட்சிக்கு ஆட்சி மாறும்.

இலங்கைக்குள்ளே நடந்தது இதைவிடக் கொடுமை. சிங்கராசா வழக்கு. 1993-இல் கைதான தமிழ் இளைஞர். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றை மட்டும் ஆதாரமாக வைத்து 50 ஆண்டுச் சிறைத் தண்டனை. மேல்முறையீட்டில் அது 35 ஆனது. தமிழ் மட்டுமே தெரிந்த தன்னிடம், சிங்களத்தில் எழுதிய தாளில் கைநாட்டு வாங்கினாங்க என்பது அவர் தரப்பு வாதம். வாக்குமூலம் மிரட்டி வாங்கியது என்று நிரூபிக்கும் பொறுப்பையும் அந்தச் சட்டம் அவர் தலையிலேயே போட்டது.

1997-இல் இலங்கை ஒரு நல்ல காரியம் செய்திருந்தது. தனிமனிதர்கள் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு நேரடியா முறையிட அனுமதிக்கும் விருப்ப நெறிமுறையில் சேர்ந்திருந்தது. இந்தியா இன்று வரை அதில் சேரலை. சிங்கராசா முறையிட்டார். அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கலை, விடுதலையோ மறு விசாரணையோ கொடுங்க, இழப்பீடும் கொடுங்கன்னு 2004-இல் ஐ.நா. குழு சொன்னது. அதை எடுத்துக்கிட்டு இலங்கை உச்ச நீதிமன்றம் போனார். 2006 செப்டம்பரில், தலைமை நீதிபதி சரத் என்.சில்வா தலைமையிலான அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. அதோடு, அந்த நெறிமுறையில் ஜனாதிபதி சேர்ந்ததே அரசியல் சட்டத்துக்கு முரண், அது நாட்டைக் கட்டுப்படுத்தாது என்றும் தீர்ப்பு சொன்னது.

உலக அமைப்பு "உனக்கு அநியாயம் நடந்திருக்கு" என்று எழுத்துல கொடுத்தும், சொந்த நாட்டு நீதிமன்றத்தில் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. அடாப்டர் இல்லாத மெஷின்.

மற்ற நாடுகளில்?

அமெரிக்க அரசியல் சட்டமே ஒப்பந்தங்களை நாட்டின் உச்ச சட்டத்தில் சேர்க்குது. அப்போ அங்கே சுலபம்னு நினைப்பீங்க. தூதரகத்தைத் தொடர்புகொள்ளும் உரிமை பற்றிச் சொல்லாமலே மெக்சிகோ நாட்டவர்களுக்கு மரண தண்டனை கொடுத்த விவகாரத்தில், 51 பேருடைய வழக்குகளை மறுஆய்வு செய்யணும்னு 2004-இல் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. ஜாதவ் வழக்கில் நாம பார்த்த அதே 36-வது பிரிவு. ஆனால் 2008-இல் மெடெலின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றச் சட்டம் இல்லாமல் அந்தத் தீர்ப்பு டெக்சாஸ் மாநிலத்தைக் கட்டுப்படுத்தாது என்றது. அதே ஆகஸ்டில் டெக்சாஸ் அவருக்குத் தண்டனையை நிறைவேற்றியது.

எதிர் உதாரணம் நெதர்லாந்து. அங்கே எல்லாரையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தப் பிரிவு உள்நாட்டுச் சட்டத்தையே மிஞ்சும். உர்கெண்டா என்ற அமைப்பு ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையைக் காட்டி வழக்குப் போட்டது. 1990 அளவோடு ஒப்பிட்டு 2020-க்குள் கரியமில வாயு உள்ளிட்ட வெளியேற்றத்தைக் குறைந்தது 25 சதவீதம் குறைக்கணும்னு 2019-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அரசுக்கே உத்தரவு போட்டது.

அப்போ இதுல மேலே இருக்கிற சர்வதேச சட்டத்தைவிட, கீழே இருக்கிற வீட்டு வயரிங்தான் முடிவு பண்ணுது.

அடாப்டர் இருந்தால் என்ன நடக்கும், இல்லாவிட்டால் என்ன நடக்கும்

ரெண்டு உடன்படிக்கைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. 2016-இல் அதுக்காகச் சட்டமும் வந்தது. கை எழுத வராத ஒரு குடிமைப் பணித் தேர்வர், தனக்காக எழுத ஒரு ஆள் கேட்டார். குறைபாடு 40 சதவீதம் இல்லைன்னு மறுத்தாங்க. 2021-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு அந்த உரிமை உண்டு என்றது. அவர் நீதிபதியின் கருணைக்காகக் காத்திருக்கலை. கையில் ஒரு இந்தியச் சட்டம் இருந்தது, அதன் பின்னால் உடன்படிக்கை நின்றது.

இப்போ சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை. 1997 அக்டோபரில் இந்தியா கையெழுத்துப் போட்டது. கையெழுத்தோடு சரி. ஏற்பளிக்கலை. 2010-இல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைத் தேர்வுக் குழுவுக்குப் போனது. 2014-இல் மக்களவை கலைந்ததும் காலாவதி ஆனது. 2017-இல் சட்ட ஆணையம் தன் 273-வது அறிக்கையில் ஏற்பளிக்கச் சொல்லி, மசோதா வரைவையும் கொடுத்தது. அரசுக்கு உத்தரவிடுங்கள் என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டபோது, சட்டம் போடு என்று நாடாளுமன்றத்துக்கு நாங்கள் உத்தரவு போட முடியாது என்று 2019-இல் நீதிமன்றம் கைவிரித்தது.

அடுத்த வருஷம்தான் சாத்தான்குளம். தந்தையும் மகனும். காவலில் இருந்தபோது உயிர் போனது. அந்தச் சமயத்தில் நாம எத்தனை பதிவு போட்டோம் என்று யோசிச்சுப் பாருங்க. எத்தனை பதிவில் "1997-இல் போட்ட கையெழுத்து என்ன ஆச்சு?" என்று கேட்டோம்?

நாம செய்ய வேண்டியது

முதலாவது, எழுதும்போது வரிசை முக்கியம். முதல்ல இந்திய உரிமை: 14, 21, அல்லது பொருந்துற சட்டம். அப்புறம் அதுக்குத் துணையா சர்வதேச உடன்படிக்கை. தலைகீழா எழுதாதீங்க. அந்த உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்து மட்டும் போட்டிருக்கா, ஏற்பளிச்சிருக்கா, விலக்கு ஏதாவது வாங்கியிருக்கா, எதிரா உள்நாட்டுச் சட்டம் ஏதும் இருக்கா என்று பார்த்துட்டு எழுதுங்க. எதிரா சட்டம் இருந்தா நீதிமன்றத்தில் அந்தச் சட்டம்தான் ஜெயிக்கும்.

இரண்டாவது, பாதிக்கப்பட்டவங்க கேட்டா சரியான வாசலைக் காட்டுங்க. உயர் நீதிமன்றத்தில் 226-வது பிரிவின் கீழ் ரிட் மனு போடலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. மனித உரிமை ஆணையத்துக்குப் போறதா இருந்தா சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுக்கணும். அந்த ஒரு வருஷத்தைத் தவறவிடாம பார்த்துக்கிறதே பெரிய உதவி.

மூன்றாவது, இதுதான் கட்சிக்காரர்களான நமக்கு. நீதிபதிகள் பக்கவாசலைத் திறந்தது நல்லது, நன்றி. ஆனா நம்ம ஊர்ல பிளக் இல்லாதப்போ வெறும் வயரைச் சொருகித் தீக்குச்சி வச்சு அடைப்போமே, அது மாதிரிதான் அதுவும். லைட் எரியும். எப்போ அணையும்னு சொல்ல முடியாது. நிரந்தர வழி சட்டம். சட்டம் போடுற இடம் நாடாளுமன்றம். தமிழ்நாட்டில் இருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர் போறாங்க. எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, நம்ம கட்சியா இருந்தாலும் சரி, அவங்ககிட்ட ரெண்டே கேள்வி கேளுங்க. சித்திரவதைத் தடுப்புச் சட்டத்துக்காக அவையில் என்ன பேசினீங்க? அகதிகள் சட்டத்துக்காக என்ன பேசினீங்க? பதில் வரலைன்னா மறுபடியும் கேளுங்க. கூட்டத்தில் கேளுங்க, மனு கொடுத்துக் கேளுங்க, ஓட்டு கேட்டு வரும்போது கேளுங்க.

அந்த ஒடிசாத் தாய்க்கு இழப்பீடு கிடைச்சது. மகன் கிடைக்கலை. நீதிமன்றம் எவ்வளவு நல்ல தீர்ப்பு கொடுத்தாலும் அது நடந்து முடிஞ்சதுக்கு அப்புறம்தான் வரும். நடக்காம தடுக்கிற வேலை சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் உரியது, அதாவது அரசியலுக்கு உரியது. அரசியலுக்கு வந்திருக்கிற நாம இந்த வேலையை நீதிமன்றத்தின் தலையில் போட்டுட்டு ஒதுங்கக் கூடாது.

இதை உங்க வட்டத்தில் சட்டம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு அனுப்புங்க. நான் சொன்னதில் சேர்க்க வேண்டியது இருந்தா அவங்க சேர்க்கட்டும்.